மதலேனாள் வீட்டுக் குழாய்

அமிர்திக் காட்டுப் பக்கம் மதலேனாளைக் கேலி செய்ய நினைத்தவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு விஷயம்தான். வெளியூருக்குக் கிளம்பும்போது நல்ல தண்ணீரையெல்லாம் கீழே கொட்டுவாள். தொட்டியைக் காலி செய்து, குழாயைத் திறந்தபடி விட்டு, குடங்களைக் கவிழ்த்துவிட்டுத்தான் பூட்டை எடுப்பாள். திரும்பி வந்தால் இன்னும் மோசம். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, அதையும் குழாய் வழியாக ஓடவிட்டு, மறுபடி நிரப்பி, அப்புறமும் காய்ச்சித்தான் குடிக்கக் கொடுப்பாள். "மனுசங்ககூட இத்தினி வாட்டி குளிக்க மாட்டாங்க, இவ வூட்டுத் தண்ணி குளிக்குது" என்று பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் பட்ட பாட்டை அவர்களில் யாரும் பட்டதில்லை.

அவள் கணவன் அடைக்கலம், காட்டு இலாகா பங்களாவுக்குக் காவல்காரன். பங்களாவுக்குப் பின்னால் உயரமான மேடையில் ஓர் இரும்புத் தொட்டி. ஆற்றுத் தண்ணீரைக் கைப்பம்பால் அதில் ஏற்றுவார்கள். அங்கிருந்து துரைமார் குளிக்கும் அறைக்குப் போகும் குழாயில் ஒரு கிளை, காவல்காரன் வீட்டு அடுப்படிக்கும் வந்தது. சுற்று வட்டாரத்தில் வேறு எந்தச் சமையலறையிலும் குழாய் கிடையாது. மதலேனாளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை மறைப்பானேன்? விருந்தாளி வந்தால் வேண்டுமென்றே இரண்டு தரம் திருகிக் காட்டுவாள்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அந்த வருஷம் மலைக்காய்ச்சல் கடுமை. பங்களாவைக் கொஞ்ச காலம் மூடி வைக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது. ஆடி மாசம் அவர்கள் மலைக்குக் கீழே கண்ணமங்கலத்துக்குப் புறப்பட்டார்கள். வெறும் பாத்திரத்தோடு வீட்டைப் பூட்டினால் திரும்பி வரும்போது வீடு வெறிச்சென்று போய்விடும் என்பது மதலேனாள் பிறந்த வீட்டு நம்பிக்கை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான், ஆனாலும் இதை விடமாட்டாள். குடம், சொம்பு, அண்டா எல்லாவற்றையும் நிரப்பினாள். அதோடு நின்றிருக்கலாம். "தொட்டியும் பாத்திரந்தானேங்க" என்று சொல்லி, கணவனைப் பம்பு அடிக்க வைத்து, அதையும் விளிம்பு வரை ரொப்பினாள்.

மாசியில் திரும்பினார்கள். கூடவே மகள் அன்னமேரி, தலைப்பிரசவத்துக்கு. மருமகன் பட்டாளத்தில் இருந்தான். பிரசவத்துக்கு இன்னும் நாள் கிடந்தது.

மதலேனாள் வந்ததும் வராததுமாகக் குழாயைத் திருகினாள். முதலில் வெறும் காற்று சீறியது. பிறகு துருப்பிடித்த செந்தண்ணீர். பிறகு கண்ணாடியாகத் தெளிந்து ஓடியது. அவளுக்கு மனசு குளிர்ந்தது. ஒரு சொம்பு பிடித்து வைத்துவிட்டு, தொட்டியை ஒரு தரம் பார்த்து வரும்படி அடைக்கலத்தை அனுப்பினாள். அவனை அனுப்பிவிட்டு அவள் உள்ளே வருவதற்குள், வெயிலில் கட்டைவண்டியில் வந்த களைப்பில் அன்னமேரி அந்தச் சொம்பை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டாள்.

அப்போதுதான் மேடைமேலிருந்து அடைக்கலத்தின் குரல் வந்தது. "குழாய மூடு. ஒரு சொட்டு தண்ணி தொடாதீங்க."

மதலேனாள் ஓடிப்போய் ஏணியில் ஏறிப் பார்த்தாள். காற்றிலோ குரங்கு கைவரிசையிலோ தகர மூடி விலகிக் கிடந்தது. உள்ளே பச்சைப் பாசி, புழு, ஓர் ஓரத்தில் மயிர் உதிர்ந்து ஊறிப் போன அணில். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

அவளுடைய மூத்த பிள்ளை சந்தியாகப்பன் வாந்திபேதியில் போனவன். காலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லை. அவனும் ஏதோ ஒரு தண்ணீரைத்தான் குடித்தான். எந்தத் தண்ணீர் என்று கடைசி வரை தெரியாது. இந்தத் தண்ணீரைத் தெரியும். இதை ரொப்பி வைத்தவள் அவளே.

"அவளாண்ட சொல்லாதீங்க" என்று மட்டும் கணவனிடம் சொன்னாள். "பயந்துக்கினா வயித்துல இருக்கறதுக்கு ஆவாது."

மரம் வெட்டும் முகாமில் ராஜாக்கண்ணு என்று ஒரு கம்பவுண்டர் இருந்தார். அடைக்கலம் போய்க் கேட்டதற்கு, கிணற்றில் போடும் சிவப்பு மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "இது தொட்டிக்குதான்பா. கழுவிட்டு, புதுத் தண்ணில போடு. குடிச்ச பொண்ணுக்கு இன்னா குடுக்கறது? பாத்துக்கினே இருங்க. வாந்தியோ பேதியோ ஆச்சின்னா ஒடனே வா" என்றார்.

பார்த்துக்கொண்டே இருப்பது லேசான வேலையா? மதலேனாள் மகளையே சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் இருமினால் இவள் ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அவள் கொல்லைப் பக்கம் போனால் இவள் கதவோரம் நின்று காது கொடுப்பாள். சோறு இறங்கவில்லை. செபமாலை விரலில் உருண்டதே தவிர, ஒரு மந்திரமும் முழுசாக வாயில் வரவில்லை.

மறுநாள் காலை அன்னமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, வயிறு வலிக்குது."

அவ்வளவுதான், மதலேனாளுக்கு உயிரே போயிற்று. நாள் கிடக்கிறதே, இது பிரசவ வலியாக இருக்க முடியாதே என்றுதான் அவள் புத்தி ஓடியது. அடைக்கலத்தைக் கம்பவுண்டரிடம் விரட்டினாள். பக்கத்துக் குடிசையிலிருந்து மருத்துவச்சி கெங்கம்மாள் சாவகாசமாக வந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னா யக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? புள்ள வர்ற வலி இது. கொஞ்சம் முந்திக்கினான், அவ்ளோதான். போயி வென்னி வை."

ஆற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை மதலேனாள் கொதிக்க வைத்தாள், ஆற வைத்தாள், மறுபடியும் கொதிக்க வைத்தாள். விறகு கொஞ்சமாகவா எரிந்தது. பிரசவ வலிதான் என்று கெங்கம்மாள் சொல்லியும் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தால் என்ன செய்வது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரம் ஆண் குழந்தை பிறந்தது. சின்ன உருவம், பெரிய தொண்டை. அன்னமேரி வாடிப்போய்க் கிடந்தாலும் வாந்தி, பேதி ஒன்றும் இல்லை.

குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது வழக்கம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதற்காகவே மதலேனாள் ரேஷன் சர்க்கரையில் ஒரு பிடி மிச்சம் பிடித்திருந்தாள். கெங்கம்மாள் அதைக் கரைத்து, சங்கை அவள் கையில் கொடுத்தாள்.

"நம்ம காய்ச்சின தண்ணிதானே?" என்று மதலேனாள் கேட்டாள்.

"நீ காய்ச்சினதுதான். அத இன்னும் எத்தினி வாட்டிக் காய்ச்சுவ?"

சங்கைக் குழந்தையின் வாயருகே கொண்டு போனாள். பாதியில் நிறுத்தினாள். திரும்பவும் கொண்டு போனாள். முடியவில்லை. சங்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாம்மா?" என்றாள் அன்னமேரி.

"எனக்குப் பயமா இருக்குது" என்றாள் மதலேனாள். மகளுக்கு முன்னால் அந்தச் சொல்லை அவள் சொன்னதே இல்லை. "இவனுக்குத் தண்ணியே வாணாம். உன் பாலே குடு."

பிறகு தொட்டியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அன்னமேரி குழந்தையை மார்போடு அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா" என்றாள். "அப்பா கத்துனது எனக்கும் கேட்டுச்சி. தொட்டியக் கழுவறப்போ நாத்தமும் இங்க வரைக்கும் வந்துச்சி. அண்ணன் நெனப்பு வந்து நீ பயந்துக்குவேன்னுதான், ராத்திரி முழுக்க தூங்கற மாதிரி கண்ண மூடிக்கினு கெடந்தேன்."