நடுரோட்டில் நின்ற வண்டி

நான் பாளையம்பட்டியில் குடியிருக்கிறேன். வேலை, திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்துச் சத்துணவு மையத்தில். பஸ் மாறிப் போய் இறங்கி, அப்புறமும் நடக்க வேண்டும். அதனால்தான் நானும் கணவரும் யோசித்து யோசித்து ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். கொஞ்ச நாள் காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. பிறகு, சார்ஜ் இருக்கும்போதே ஓடுகிற வண்டி பொட்டென்று நிற்க ஆரம்பித்தது.

ஷோரூமில் விட்டால் சரியாகிவிட்டது என்பார்கள். மறுபடியும் நிற்கும். ஒருநாள் மகளைப் பின்னால் உட்கார வைத்து வரும்போது நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி எங்கள் மேல் ஏறாமல் ஒடித்துத் திரும்பி, கருவேலஞ்செடிகளுக்குள் இறங்கி நின்றது. டிரைவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இறங்கி வந்து மகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அன்றே ஷோரூமுக்குப் போய், வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

"வண்டில ஒண்ணும் இல்லக்கா. நீங்க ஓட்டுற விதந்தான் சரியில்ல" என்றார் மேனேஜர்.

வீட்டில் கணவர் தயங்கினார். "கம்பெனிக்காரனோட மல்லுக்கட்ட நம்மளால முடியுமா? வந்த வெலைக்குத் தள்ளிவிட்ருவோம்."

"வாங்குறவளும் பிள்ளைய வச்சுக்கிட்டுத்தான ஓட்டுவா?"

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு என்னோடு பஸ் ஏறினார். வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம் என்று அங்கே சொன்னார்கள். அந்தத் தெம்பில் ஷோரூம் மேலும் கம்பெனி மேலும் புகார் கொடுத்தோம்.

விசாரணையில் ஷோரூம் வக்கீலும் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றே வாதாடினார். பொறுக்க முடியாமல் எழுந்தேன்.

"அப்ப ஓட்டத் தெரிஞ்சவுகளே ஓட்டிப் பாக்கட்டுங்கய்யா."

ஆணையத் தலைவர் வண்டியைச் சோதித்து அறிக்கை தரும்படி ஒரு பாலிடெக்னிக் ஆசிரியரை நியமித்தார்.

சோதனையன்று மேனேஜரே வண்டியை ஓட்டினார். ஆசிரியரும் நாங்களும் ஆட்டோவில் பின்தொடர்ந்தோம். உச்சி வெயில். வண்டி ஜோராக ஓடியது. இன்றைக்கென்று பார்த்து ஒழுங்காக ஓடித் தொலைக்கிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கண்மாயைத் தாண்டியதும் சட்டென்று நின்றது. ஆட்டோக்காரர் பிரேக்கை மிதித்தார். இடிக்காமல் தப்பியதே பெரிது.

மேனேஜர் காலை ஊன்றி அப்படியே நின்றார். முகம் வெளுத்திருந்தது. என் கணவர் போய், வண்டியை ஓரமாகத் தள்ள அவருக்குக் கைகொடுத்தார்.

"இதுலயாக்கா பிள்ளைய வச்சுப் போனீக?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் மேனேஜர்.

உற்பத்தியிலேயே கோளாறு என்று ஆசிரியர் அறிக்கை கொடுத்தார். முழுப் பணத்தையும், நாங்கள் அலைந்த அலைச்சலுக்கு நஷ்டஈட்டையும் தரச்சொல்லி உத்தரவு வந்தது. கம்பெனி மேல்முறையீடு செய்யவில்லை. இன்னொரு சேதியை மேனேஜரே போன் செய்து சொன்னார்: அதே வண்டியை வாங்கிய மற்றவர்களையும் கூப்பிட்டுச் சோதிக்கிறார்களாம். பணம் வந்ததைவிட அதைக் கேட்டுத்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் எங்கள் மையத்துச் சமையலக்கா, புதிதாக வாங்கிய ஃப்ரிட்ஜ் குளிரவே இல்லை என்றும், கடைக்காரர் விரட்டுகிறார் என்றும் புலம்பினார்.

"விடாதீகக்கா. திங்கக்கெழம நுகர்வோர் ஆணையத்துக்குக் கெளம்புங்க, நானும் லீவு போட்டுட்டு வாரேன்" என்றேன்.