'முன்போல' என்று எழுதிய தாள்

சுரங்க வாய்க்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு தாள் எப்போதும் தொங்கும். பூமிக்கடியில் எந்த லெவலில், அதாவது எந்த ஆழத் தளத்தில், யார் யார் வேலை செய்கிறார்கள் என்ற பட்டியல் அது. அறுபதுகளில், கோலார் தங்க வயலில், தினமும் அதைக் கீழேயிருந்து போனில் சொல்வார்கள்; இரைச்சலுக்கு நடுவே நான் எழுதுவேன். இருநூறு பெயர் முடிவதற்குள் காதும் கையும் ஓய்ந்துவிடும்.

எங்கள் ஹெட் கிளார்க்தான் வழி கண்டார். "நேத்து எழுதுனதுதான் சுவத்துல இருக்கே. இன்னா மாறிச்சோ அத்த மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்றார். மாறாத வரிகளுக்கெல்லாம் 'முன்போல'. ஒரு மணி நேர வேலை ஐந்து நிமிடமாகச் சுருங்கியது. பென்சிலை விரலில் பிடிக்க முடியாத வரை சீவுகிற மனிதர் அவர். இந்த யோசனையில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் போன் லைன் கெட்டுப்போனது. நான் தேதியை மட்டும் மாற்றி, எல்லாவற்றுக்கும் 'முன்போல' என்று எழுதிவிட்டேன். மறுநாள் லைன் சரியானது. கீழே இருந்தவர் அன்றைய மாற்றங்களை மட்டும் சொன்னார். லைன் கெட்டிருந்த முந்தின நாளே லெவல் மாறிப் போயிருந்த ஒருவரைப் பற்றி அவர் எதற்குச் சொல்லப்போகிறார்?

அன்றைக்குத்தான் கீழே, அந்த ஆள் மாறிப் போன லெவலில், பாறை வெடித்தது. அந்த லெவலுக்கு எங்கள் தாளில் ஆறு பெயர். ஆறு பேரையும் உயிரோடு மேலே ஏற்றியதும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்ற பெண்ணிடம் ஹெட் கிளார்க் தாளைப் பார்த்துவிட்டு, "உங்க ஊட்டுக்காரரு அந்த லெவல்லயே இல்லம்மா. பயப்படாம போங்க" என்றார்.

ஷிப்ட் முடிந்தும் அந்தப் பெண்ணின் கணவர் வரவில்லை. மறுபடி தேடி எடுத்தபோது உயிர் இல்லை.

அந்த அம்மா ஹெட் கிளார்க்கிடம் வந்து, "நீங்க சொன்னீங்கன்னுதான் சார் போயி உலை வெச்சேன்" என்றார். அழக்கூட இல்லை. எழுதியது என் கை என்று ஹெட் கிளார்க் யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெறும்வரை முழுப் பட்டியலையும் தினமும் தானே போனில் கேட்டு எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இப்போது என் பேரன் பெங்களூரில் வீடியோவைச் சுருக்கும் வேலையில் இருக்கிறான். முந்தின படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, மாறியதை மட்டும் அனுப்புவார்களாம். நடுவில் ஒன்று வராமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"முழுப் படத்தையும் திரும்பக் கேட்டு வாங்கிக்குவோம் தாத்தா. ஒரு நொடிகூட ஆகாது" என்றான்.

எனக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்.