இளைக்கக் கூடாத உடம்பு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸ் குடியிருப்பில் வேலாயுதத்தின் தொந்திக்குத் தனி மரியாதை இருந்தது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ரப்பர்த் தோட்டத்திலிருந்து வரும் உறவுக்காரர்கள் பூரித்துப் போவார்கள். சோற்றைக் குவித்து, குழம்பை அணைகட்டித் தேக்கிச் சாப்பிடுகிற மனிதர். அவரைப் போய் டாக்டர், சோற்றை விடு, நட, இல்லாவிட்டால் பிழைக்க மாட்டாய் என்று சொல்லிவிட்டார். நீரிழிவு. அவருடைய அப்பாவையும் அண்ணனையும் கொண்டுபோன அதே நோய்.

உயிர் யாருக்குத்தான் வெல்லக்கட்டி இல்லை? விடிந்தும் விடியாததுமாக ஆற்றோரம் நடந்தார். பின்கட்டில் தண்டால் எடுக்கப்போய்க் குப்புற விழுந்து, எழ முடியாமல் மனைவி தனலெட்சுமியைக் கூப்பிட்டார். அவித்த கீரை, பாகற்காய், முட்டை, இதுதான் சாப்பாடு. மாட்டுக்குப் போடுவதை எனக்குப் போடுகிறாயா என்று அவள்மேல் எரிந்து விழுவார். விழுந்துவிட்டு அதையே தின்பார். மூன்று மாதத்தில் தொந்தி கரைந்தது, தலைசுற்றல் நின்றது. டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

ஊருக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆள் இளைத்தால் காசம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்த வீட்டு வீரம்மா குழாயடியில் தனலெட்சுமியை மடக்கினாள்.

“என்னக்கா, அண்ணே இப்படி உருகிப் போயிட்டாரு? இருமல் கிருமல் இருக்கா?”

பேச்சு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய்விட்டது. அங்கேதான் மகள் சந்திரகலாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மளிகைக்கடை சபாபதியின் மூத்த மகன்; பெண்ணுக்கும் பிடித்த இடம்.

காசமில்லை, நீரிழிவு என்று சொல்லிவிடலாமே என்றாள் தனலெட்சுமி.

“சொல்லிட்டு? அப்பனுக்கு, பெரியப்பனுக்கு, தாத்தாவுக்குன்னு வரிசையா வந்தது பொண்ணுக்கு வராதான்னு கேப்பாங்க. நம்ம பொண்ணை அப்புறம் எவன் கட்டுவான்?” என்றார் வேலாயுதம்.

மகளிடம்கூட இருவரும் மூச்சு விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபாபதி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். சோறு தின்றால் சம்மதம் என்று பொருள். இதுவரை வெற்றிலையோடு எழுந்துபோனவர், அன்று சட்டமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“கிராணி, ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க. எனக்கு டாக்டரும் வேணாம், சர்டிபிகேட்டும் வேணாம். நீங்க எங்கூட உக்காந்து பழையபடி சாப்பிடுங்க. நானும் கை நனைச்சுட்டுப் போறேன்.”

நல்ல மனதோடுதான் சொன்னார், பாவி. அதனால் மறுக்கவும் வழியில்லை.

இரண்டு இலை விழுந்தது. தனலெட்சுமி அரைக் கரண்டிச் சோற்றோடு நிறுத்தினாள். “போடு” என்றார் வேலாயுதம். “இன்னும் போடு.” நாக்கு இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது. அத்தனை நாள் காய்ந்து கிடந்ததற்குச் சோறு தேவாமிர்தமாக இருந்தது. அந்த ருசிதான் அவருக்கு அழுகையை மூட்டியது. காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்திரகலா பாயசம் கொண்டுவந்தாள். சபாபதி பார்க்கப் பார்க்க வேலாயுதம் இரண்டு கிண்ணம் குடித்தார்.

“இது போதும் சம்பந்தி!” என்று சபாபதி தொடையைத் தட்டிச் சிரித்தார். “தையில கல்யாணம். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை ஆனா கிள்ளான்ல நம்ம வீட்டுலதான் விருந்து. எளைச்ச உடம்பு தேறிடணும், ஆமா. சபையில ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது.”

தைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்த வேலாயுதத்துக்குப் பழைய தலைசுற்றல் மறுபடி வந்திருந்தது. சந்திரகலா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பார்த்ததே இல்லை.

“எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமாப்பா? ராவெல்லாம் சாமிகிட்ட அழுதேன். இனிமே தினமும் நானே சோறு போடுறேன். சாப்பிடுவேன்னு சத்தியம் பண்ணுங்க.”

கையை நீட்டினாள். தனலெட்சுமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலாயுதம் மகளின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.