கேக் விழுந்த படிக்கட்டு

போன வாரம் மியூனிக்கில் என் வீட்டு வாசலிலேயே வழுக்கி விழுந்தேன். இரவு பெய்த பனி படிகளில் உறைந்துகிடந்ததைக் கவனிக்காமல், கையில் பால் பாக்கெட்டுடன், உட்கார்ந்த வாக்கிலேயே தெருவரைக்கும் இறங்கிவிட்டேன். எதிர்வீட்டு அம்மாள் நாயை நிறுத்திவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரித்தார். நாய்கூட நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. இடுப்பைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தபோது வலியைவிட அதுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. இவ்வளவு நல்ல விழுகை இப்படி வீணாய்ப் போயிற்றே! தவம் அண்ணை பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்த பிறகுதான் கை கொடுத்திருப்பார். தூக்கிவிட்டு, "தம்பி, கையை இன்னும் கொஞ்சம் மேலை தூக்கியிருக்கோணும்" என்று திருத்தமும் சொல்லியிருப்பார்.

தவம் அண்ணையை உங்களுக்குத் தெரியாது. நான் ஹனோவரில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த புதிதில், பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் அகப்பையோடு நின்றவர் அவர். உருளைக்கிழங்குக் கூழைத் தட்டில் வைத்துக்கொண்டே, "எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மதுரை என்றேன். "நாங்கள் யாழ்ப்பாணம். நடுவிலை கொஞ்சம் கடல், அவ்வளவுதானே" என்றார். மறுநாளிலிருந்து என் கூழுக்கு அடியில் மட்டும் ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பல் ஒளிந்திருக்கும். நான் கண்ணீரும் கம்பலையுமாகச் சாப்பிடுவதைப் பார்த்த ஜெர்மன் நண்பன் ஒருவன், என் ஆராய்ச்சி சரியாகப் போகவில்லை என்று பரிதாபப்பட்டான். அதுவும் பொய்யில்லை.

சம்பல் வாசனை என்னை அப்படியே பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் வீட்டில் விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. அண்ணையின் மனைவி பவானி அக்கா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைப்பார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு, தொலைக்காட்சியிலிருந்து எப்போதோ பதிவு செய்த ஒரு வீடியோ நாடாவைப் போடுவார். ஊமைப் படம். பதிவுப் பொத்தானை அழுத்தப் பிந்திவிட்டதால் தலையும் கிடையாது, பெயரும் கிடையாது. குண்டான பரிசாரகன் ஒருவன், அடுக்கடுக்கான கல்யாணக் கேக்கை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, தேவாலயத்தை ஒட்டிய நீண்ட கல் படிக்கட்டில் இறங்குவான். வழியில் ஒரு பாதிரியார் சப்புக்கொட்டுவதைப் பார்த்து, மறு கையால் ஒரு துண்டு பிய்த்துக் கொடுப்பான். அப்போது ஒரு வாத்து குறுக்கே வரும். அப்புறம் கேக், பரிசாரகன், பாதிரியார், ஒரு போலீஸ்காரர், அவர் பிடித்த தள்ளுவண்டி எல்லாமாக உருண்டுபோய் ஆற்றில் விழும். வாத்து மட்டும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அகதியாக வந்து இறங்கிய நாட்களில் அண்ணைக்கு இந்த நாட்டில் புரிந்தது ஊமைப் படம் ஒன்றுதானாம். "செய்தி பாத்தா விளங்காது, விளம்பரம் பாத்தா விளங்காது. ஆள் விழுந்தா மட்டும் விளங்கும்" என்பார். அதனால்தான் இந்தப் பைத்தியம் என்று நான் முதலில் நினைத்தேன். ஒருநாள் சாப்பாட்டுக்கூடத்தின் பின்வாசலில் தேநீர் குடிக்கும்போது உண்மையான காரணத்தைச் சொன்னார்.

புகைப்படம் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். அக்கா வந்து சேர்ந்து கல்யாணம் முடிந்ததும் மாரிக்குளிர் தொடங்கிவிட்டது. ஒற்றை அறை. அக்கா பேசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வேலைக்குப் போய்த் திரும்பினால் கண் சிவந்திருக்கும். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மாலை அண்ணை இந்தப் படத்தைப் போட்டார். கேக் ஆற்றில் விழுந்தபோது அக்கா சிரித்தார். "அண்டைக்குத்தான் தம்பி எனக்குக் கலியாணம் நடந்தது" என்றார் அண்ணை. வருகிற இலையுதிர்காலத்தோடு அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். அதற்குள் அந்தப் படிக்கட்டைக் கண்டுபிடித்து, அக்காவை அதில் நிற்க வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். "வேலை, பிள்ளை, வேலை எண்டே போச்சு. அவவுக்கு நான் ஒரு இடமும் காட்டேல்லை. காட்டினா அவ சிரிச்ச இடத்தைத்தான் காட்டோணும். இப்ப அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். சொல்லும்போது அகப்பைக்காரரின் குரல் கொஞ்சம் இடறியது. நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்படித்தான் தொடங்கியது எங்கள் சனிக்கிழமைப் படையெடுப்பு. கைத்தொலைபேசியே வழி சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. படத்தை ஓடவிட்டு, படிக்கட்டில் பாதிரியாருக்குக் கேக் கொடுக்கும் இடத்தில் நிறுத்தி, தொலைக்காட்சித் திரையையே நான் கேமராவில் படமெடுத்தேன். குறுக்கே கோடுகோடாக விழுந்த அந்தப் படத்தோடு, ஒரே டிக்கெட்டில் குழுவாகப் போகக்கூடிய உள்ளூர் ரயிலில் ஏறுவோம். காரணம் தெரியாமலே அக்காவும் வருவார். "என்ன கண்டறியாத படமோ, என்ன கண்டறியாத படியோ" என்று முணுமுணுத்துக்கொண்டே டப்பாவைத் திறப்பார். உள்ளே சுடச்சுட, மீன் அடைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ். அந்த வாசனைக்கு ரயில் பெட்டியே இரண்டு கட்சியாகப் பிரியும். ஒரு கட்சி எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடும். மற்றக் கட்சி நாங்கள் இறங்கும்வரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆறும் தேவாலயமும் உள்ள ஊர்களில் எல்லாம் இறங்கினோம். வடஜெர்மனியில் அப்படியல்லாத ஊர் எது என்று பிறகுதான் யோசித்தோம். நல்ல உடுப்பு உடுத்திய மூன்று கறுத்த ஆட்கள், கையில் தேவாலயப் படத்தோடு சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டினால் மக்கள் என்ன நினைப்பார்கள்? நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே ஒரு கிழவர், "நன்றி, எனக்கு ஏற்கெனவே ஒரு மதம் இருக்கிறது" என்று கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் ஒரு அம்மாள் நாங்கள் தொலைந்துபோன பாதிரியாரைத் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு போலீசுக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டார்.

நான் சும்மா இருப்பேனா? படித்தவனாயிற்றே! தேவாலயம் என்றால் பெரும்பாலும் கோபுரம் மேற்கே, பலிபீடம் கிழக்கே. அதை வைத்துத் திசை குறித்து, வெயில் எங்கே அடிக்கிறது என்று கணக்குப் போட்டேன். வெயில் தேவாலயத்தின் வடக்குச் சுவரில் பளிச்சென்று அடித்தது. ஜெர்மனியில் நடுப்பகல் சூரியன் வடக்கே வரவே வராது. ஆகவே ஒரு ஞாயிறு சொதிக்கு நடுவே தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தேன்: "சயன்டிஃபிக்கா பார்த்தா அண்ணை, இந்தப் படம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே எடுத்தது. அநேகமா அர்ஜென்டினா."

அண்ணை என்னை வெகுநேரம் பார்த்தார். "தம்பி, நீங்கள் டொக்டர் பட்டத்துக்குத்தானே படிக்கிறியள்?"

"ஆமாண்ணை."

"ம். சாப்பிடுங்கோ."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் ஓடும்போதெல்லாம், பாதிரியாருக்குக் கேக் கொடுக்கும் இடத்தில் அக்கா முகத்தைச் சுளிப்பார். "குருவானவருக்கு இடக்கையாலை குடுக்கிறான் பாருங்கோ. வளர்ப்பு அப்பிடி." அண்ணை உடனே, "வெள்ளைக்காரருக்கு எல்லாக் கையும் கைதான்" என்பார். நானும் தலையாட்டுவேன். ஒரு நாட்டின் ஒழுக்கத்தைப் பற்றி இவ்வளவு ஒற்றுமையாக மூன்று தமிழர்கள் தீர்ப்புச் சொன்னது அந்த வீட்டில்தான் நடந்திருக்கும். வேறு ஒரு நாட்டுக்காரனாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பான்.

புரட்டாசி வந்துவிட்டது. கல்யாண நாளுக்கு இன்னும் சில சனிக்கிழமைகளே மிச்சம். அண்ணை சாப்பாட்டுக்கூடத்தில் கூழை வைத்துவிட்டுச் சம்பலை மறக்க ஆரம்பித்தார். மனிதர் எவ்வளவு உடைந்து போயிருக்கிறார் என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று, வகுப்பில் ஒளி பாய்ச்சிக் காட்டும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளில் அந்தப் படத்தை அச்சடித்தேன். நேரில் பார்க்கும் இடத்துக்கு முன்னால் அதைப் பிடித்தால் பொருந்துகிறதா என்று தெரியுமே என்ற யோசனை.

அந்தச் சனிக்கிழமை ரயிலில், ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே அக்கா, றோல்ஸ் டப்பாவோடு. திடீரென்று கேட்டார்.

"தம்பி, இது வேற படமோ?"

"இல்லக்கா, அதேதான்."

"இதிலை வலக்கையாலை குடுக்கிறானே. இப்பதான் பாக்க ஒழுங்காக் கிடக்கு."

அக்கா பார்த்தது தாளின் பின்பக்கத்தை. நான் தாளைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன். என் முகத்தில் ஈயாடவில்லை. படச்சுருளை யாரோ எப்போதோ இடம்வலமாக மாற்றிப் போட்டுப் பிரதி எடுத்திருக்கிறார்கள்! இடையில் வரும் எழுத்து அட்டைகள் தொலைக்காட்சிக்காரர்கள் புதிதாகச் சேர்த்தவை, அதனால் அவை மட்டும் நேராக இருந்தன. கடைப் பலகைகளோ பழைய ஜெர்மன் கொக்கி எழுத்தில். நேராக இருந்தாலும் எங்களுக்குப் புரிந்திருக்காது. பாவம் பரிசாரகன், நல்ல வளர்ப்புதான். சூரியனும் அர்ஜென்டினாவிலிருந்து மரியாதையாக ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டது.

அண்ணை தாளைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, இது நாங்கள் இருந்து றோல்ஸ் திண்ட படியெல்லோ!"

உண்மைதான். வேசர் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். வேனில் காலத்திலேயே போயிருந்தோம். தேவாலயம் தப்பான பக்கம் இருக்கிறது என்று நானே நிராகரித்த ஊர். நிராகரித்துவிட்டுக் கால் வலிக்கிறதென்று அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஒரு டப்பா றோல்ஸையும் முடித்திருந்தோம். அடுத்த நிலையத்தில் இறங்கி ரயில் மாறினோம்.

படிக்கட்டு அப்படியே இருந்தது. ஒரு கல்கூட மாறவில்லை. தாளைப் பின்பக்கமாகப் பிடித்தேன். கோபுரம் கோபுரத்தோடும் படி படியோடும் கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணை அக்காவின் கையைப் பிடித்து நடுப்படியில் நிறுத்தினார். கல்யாண நாள்வரை பொறுத்திருக்க அவரால் முடியவில்லை.

"இதிலைதான் அவன் விழுந்தது. நீர் இஞ்சை வந்து முதல்முதல் சிரிச்சனீரே, அந்த இடம். உமக்குக் காட்டத்தான் இவ்வளவு நாளும் அலைஞ்சனான்."

அக்கா படியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார்.

"நான் எங்கை படத்தைப் பாத்துச் சிரிச்சனான்?" என்றார். "நீங்கள் சிரிச்சுச் சிரிச்சு இருந்த கதிரையோடை பின்னாலை விழுந்து, உடுத்திருந்த சாரமும் தலையிலை போய், காலை உதறிக்கொண்டு கிடந்தியளே. அதைப் பாத்தெல்லோ சிரிச்சனான்! எனக்கு உந்தப் படம் அண்டைக்கும் பிடிக்கேல்லை, இண்டைக்கும் பிடிக்கேல்லை. பாவம், அந்தக் கேக்கை எவ்வளவு மினக்கெட்டுச் செய்திருப்பினம்."

"அப்ப ஏன் இவ்வளவு வருசமும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அண்ணை அசடு வழிய நின்றார். நான் ஆற்றைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்க அதைவிட்டால் வழியில்லை. ஆனால் மனிதர் சோர்ந்துவிடவில்லை. திரும்பும் ரயிலில் கடைசி றோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டே, "அப்ப சரியான இடம் எங்கடை பழைய அறைதான்" என்றார்.

கல்யாண நாளன்று மூவரும் அங்கே போனோம். அக்கா கூறைச் சேலையின் மேல் குளிர்மேலங்கி போட்டிருந்தார். ஹனோவரின் வடக்கே, டிராம் திரும்பும் மூலையில் அந்தக் கட்டடம் இருந்ததாம். இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இடித்து, மட்டமாக்கி, கார் நிறுத்தும் இடமாக்கியிருந்தார்கள். அண்ணை சட்டென்று நின்றுவிட்டார். அக்கா மட்டும் கோடுகளுக்கு நடுவே நடந்துபோய், அண்ணாந்து பார்த்து, விரலை நீட்டினார்.

"மூண்டாம் மாடியெல்லோ. உங்கை மேலை. அதிலை ரீவி, அதிலை கட்டில். அந்த மேகத்துக்குக் கொஞ்சம் கீழை நீங்கள் விழுந்தனீங்கள்."

இருவரும் தலையைத் தூக்கி அந்த வெற்று வானத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். நிறுத்த இடம் கேட்டு ஒரு கார் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. நான் கிட்டத்தட்டத் தரையில் படுத்துப் படமெடுத்தேன். அடியில் இரண்டு தலைகள், மிச்சமெல்லாம் வானம்.

அண்ணை இறந்து இரண்டு வருடமாகிறது. அக்கா மகளோடு லண்டனில். வீடு மாறியபோது அந்த நாடாவும் எங்கோ போய்விட்டது. பெயர் தெரியாத படத்தை எங்கே தேடுவது? கேக் உருண்ட படிக்கட்டு மட்டும் அந்தச் சின்ன ஊரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துச் சிரித்த ஆள்தான் இல்லை. அவர் இல்லாதது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அது எடுத்த இடத்தை ஒரு நொடியில் சொல்லிவிடும் வசதி கைத்தொலைபேசியில் வந்துவிட்டது. நேற்று அந்தக் கல்யாண நாள் படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வானம்தான் தெரிகிறது, இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. உடனே லண்டனுக்குப் போன் போட்டு அக்காவிடம் சொன்னேன்.

"அதுக்கு எப்பிடித் தம்பி தெரியும்?" என்றார் அக்கா. "அது எங்கடை வீடெல்லோ."