நாலாவதாக வந்த பெண்

பொன்னேரி வாரப் பத்திரிகையில் கல்லூரி விளையாட்டுகளைப் பற்றி எழுதுபவர் அவர். பழவேற்காட்டில் ஒருநாள் காலை ஒரே படகில் ஏறினோம். பனியில் கரையே தெரியவில்லை. பாதிக் கண்மூடி, ஏதோ ஓட்டப்பந்தயத்தைப் பார்ப்பவர்போல் தொடையில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“எம்பொண்ணு எங்கிட்ட பேசி ஒரு வாரமாச்சி சார்,” என்றார்.

கல்லூரியில் அவளுடைய கடைசி ஓட்டம். நாலாவதாக வந்திருக்கிறாள். இவரோ வழக்கம்போல் முதல் மூவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்.

“ஒரு வரி சேர்த்திருக்கலாமே?” என்றேன்.

“எம்பொண்ணுக்கு மட்டும் எழுதுனா, இத்தினி வருசமா நாலாவதா வந்த புள்ளைங்களுக்கு இன்னா சார் பதில் சொல்றது?”

அடுத்த வாரத்திலிருந்து அவர் பத்தியில் நாலாவதாக வந்தவர்களின் பெயரும் வரத் தொடங்கியது. மகள் பெயர் வரவேயில்லை; அவள்தான் படிப்பை முடித்துவிட்டாளே. அவள் அப்பாவிடம் பேசினாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.