முதலில் அழி, பிறகு எழுது

ரூமியானா ஒன்றும் தெரியாதவள் அல்ல. டான்யூப் நதிக்கரையிலுள்ள அந்த ஊரின் கணிப்பொறி நிலையத்தில், கோபோல் மொழியில் நிரல் எழுதியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். அரசு வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் அவள் பொறுப்பு. குடும்பத்துக்கு ஓர் எண். அந்த எண்ணை இருந்த இடத்திலேயே மாற்ற இயந்திரம் விடாது. விவரம் முழுவதையும் புது எண்ணில் எழுத வேண்டும், எழுதியாயிற்றா என்று பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். இது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒரு வருடம் நகரத்தின் இரண்டு வட்டங்களை ஒன்றாக்கினார்கள். எண்களை மாற்ற வேண்டும்; பதிவுகளைச் சேமிக்கும் காந்தத் தட்டிலோ இடம் இல்லை.

“முதல்ல அழி, அப்புறம் எழுது. இடம் தானா வரும்,” என்றார் நிலையத் தலைவர் கம்புரோவ்.

“எழுத முடியாமப் போச்சுன்னா, தோழர்?”

“ஏன் முடியாமப் போகுது? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரும்மா.”

சும்மா இருந்தாள். அந்தச் சுபாவத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொன்னபடியே நிரலை எழுதி, அவசரத்தில் சரிபார்க்கும் வரிகளையும் விட்டுவிட்டாள்.

நிலையத்தின் உணவுக்கூடத்தில் பரிமாறும் பென்கா கல்யாணமான நாள் முதல் ஈரம் கசியும் நிலவறையில் குடியிருப்பவள். பீன்ஸ் சூப்பை ஊற்றும்போதெல்லாம், “எங்க முறை எப்ப?” என்பாள். வருகிற வசந்தத்தில் என்று ரூமியானாவே சொல்லியிருந்தாள். வசந்தம் நெருங்கியதும் பட்டியலில் பென்காவின் பெயரைத் தேடினாள். இல்லை.

நடந்தது இதுதான். வட்டங்கள் ஒன்றானபோது சில இடங்களில் இரண்டு குடும்பங்களுக்கு ஒரே புது எண் விழுந்தது. முதலில் வந்ததை ஏற்ற இயந்திரம் அடுத்ததை மறுத்துவிட்டது. மறுக்கப்பட்டவர்களின் பழைய பதிவு அதற்குள் அழிந்திருந்தது. காந்த நாடாப் பஞ்சத்தில், பதிவுகளின் நகல் இருந்த நாடாவின் மேலும் வேறு எதையோ எழுதிவிட்டார்கள். பழைய மனு விவரங்கள் இருந்த காகித அட்டைகளைக் கம்புரோவ் பழைய காகிதம் சேர்க்கும் போட்டிக்கு மூட்டை கட்டிக் கொடுத்து, பரிசுக் கொடியை அறையில் மாட்டியிருந்தார்.

“இன்னைத் தேதி போட்டுப் புது மனு கொடுக்கட்டும்,” என்று அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

ரூமியானா சமையலறைக்குப் போய் அழுதுகொண்டே சொன்னாள். பென்கா கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அக்கா.”

“அவர்கிட்டச் சொன்னியா?”

“ஒரு தடவை கேட்டேன்.”

பென்கா மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “புது மனுவை நீயே எழுது. எனக்குக் கை ஓடல,” என்றாள்.

பெயர், முகவரி, தேதி எழுதியாயிற்று. அடுத்து, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்வி.

“போன தடவை மூணுன்னு போட்டோம். பையன் கைக்குழந்தை. அவனுக்காகத்தான் வீடே கேட்டோம். இப்ப அவன் தலைநகரத்துல, சோபியாவுல, பொண்டாட்டியோட இருக்கான்.”

“அப்ப ரெண்டுன்னு போடட்டுமா அக்கா?”

“போடு. முறை வர்றப்ப ஒண்ணுன்னு மாத்த வேண்டியிருக்கும். என் வீட்டுக்காரருக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது.”

ரூமியானா இரண்டு என்று எழுதினாள்.