குடிக்காமல் திரும்பி வந்த தண்ணீர்

பெண்ணை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போகிறோம் என்றதும் எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முதல் வாரம் புடவையை விடமாட்டாள், அழுவாள் என்றார்கள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வரும், பென்சில் காணாமல் போகும், வேறு யாரோ ஒரு பிள்ளையின் ரப்பர் பைக்குள் கிடக்கும் என்றார்கள். அதெல்லாம் நடந்தது. அழுகை மட்டும் நடக்கவில்லை. பள்ளிக்கூட வேனில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு எனக்கு டாட்டா காட்டினாள். அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. முருகன் நம் பக்கம் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு விளக்கேற்றினேன்.

நடந்தது வேறு. அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் பிள்ளை ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவாள். வெகு நேரம் கழித்துத்தான் வெளியே வருவாள். பையைத் திறந்தால் காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் கழுத்து வரை அப்படியே இருக்கும். விளையாட்டு ஜோரில் குடிக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "தாகம் எடுக்கலம்மா" என்பாள். வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிப்பாள்.

பிறகு வேன் ஓட்டும் அண்ணன் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நல்ல மனிதர். சொல்லத் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பாப்பா சீட்டுல போயிடுது. நேத்தும் போச்சி, இன்னிக்கும் போச்சி. நான் தொடச்சிக்கிறேன், அது பெரிசில்ல. மத்த புள்ளைங்க மூக்கப் புடிச்சிக்கினு சிரிக்குதுங்க. அதான் மனசு கேக்கல."

அதே வேனில் வரும் ஒரு பையனின் அம்மா பக்கத்திலேயே நின்றாள். "வீட்ல ஒன்னும் பழக்காமயே அனுப்பிட்டாப்ல கீது" என்றாள், என்னைப் பார்க்காமல், தன் பையனின் டையை அவிழ்த்துக்கொண்டே. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. என் பிள்ளை ரெண்டு வயதிலிருந்தே தானாகப் போய்வருகிறவள். ஆனால் நனைந்த பாவாடையோடு பிள்ளை நிற்கும்போது அதைச் சொல்லி யார் நம்புவார்கள்?

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. வலிக்கிறது என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அடக்கி அடக்கி வைத்ததால் வந்த நீர்க்கடுப்பு என்றார். மருந்து கொடுத்தார். "மருந்து சரி பண்ணும். ஆனா தண்ணி குடிக்கணும், போவணும். இல்லன்னா திரும்ப வரும்மா, கிட்னிக்கு நல்லதில்ல" என்றார். கிட்னி என்ற சொல் என் காதிலேயே நின்றது. நேரே வீட்டுக்கு வந்து ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் கேட்டோம். மிஸ் சின்னப் பெண்தான், பொறுமையானவள். "நாங்க வரிசையா கூட்டிக்கினுதாங்க போறோம். இவ உள்ள போறா, சும்மா நின்னுட்டு வந்துடுறா. ஏன்னு கேட்டா வராதுங்கிறா" என்றாள். தலைமை மேடம் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் முடிவாகப் பேசினார். "கொழந்த இன்னும் ரெடி ஆகல போல இருக்கும்மா. ஒடம்பு முக்கியம். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா வீட்ல வச்சிக்கினு அடுத்த வருஷம் கூட்டிக்கினு வாங்க."

அடுத்த வருஷம் என்பது பெரியவர்களுக்கு ஒரு சொல். பிள்ளைக்கு அப்படியா? தோழி ஒருத்தியைப் பிடித்துவிட்டாள், பாட்டு கற்றுக்கொண்டுவிட்டாள், தன் இடம் எந்த பெஞ்சு என்று தெரிந்துவைத்திருக்கிறாள். அவளை வீட்டில் நிறுத்திவிட்டு தினமும் காலையில் வாசலில் வேன் போவதைப் பார்க்க வைப்பதா? ஏன் போகமாட்டேன் என்கிறாய் என்று மடியில் வைத்துக் கேட்டேன். பதிலுக்கு என் தாலிச் சரட்டைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

காய்ச்சல் விட்டதும் மேடத்திடம் அனுமதி வாங்கி, இன்டர்வல் நேரத்தில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், காம்பவுண்டு சுவரைப் பார்த்தபடி வரிசையாக பாத்ரூம். சுத்தமாகத்தான் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அரைக் கதவு. முன்பு ஒரு பிள்ளை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டதால் அப்படி வைத்தார்களாம். என் பெண் உள்ளே போனாள். திரும்பி நின்றாள். பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். நானும் திரும்பினேன்.

சுவரில் சாமி டைல்ஸ் மூன்று ஒட்டியிருந்தது. பிள்ளையார், கையில் குழந்தையோடு மாதா, பச்சைக் கோபுரத்தோடு பள்ளிவாசல். பெரிய வகுப்புப் பையன்கள் பாத்ரூமுக்குள் போகாமல் சுவரிலேயே போகிறார்கள் என்று ஒட்டிய டைல்ஸ். நம் ஊரில் எந்தச் சந்திலும் இருப்பதுதான். பிள்ளையாரைப் பார்த்ததும் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"பாத்தியாம்மா" என்றாள் பிள்ளை மெதுவாக. "சாமி பாத்துக்கினே கீது."

மயிலம் மலை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கிருத்திகைக்குப் போயிருந்தோம். சரியான கூட்டம். கோபுரத்தடியில் வந்ததும் பிள்ளை ஒண்ணுக்கு என்றாள். "சாமி பாக்குற எடத்துல போவக்கூடாது கண்ணு, அடக்கிக்கோ" என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி ஓடினேன். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். மறைவான இடம் வந்த பிறகுதான் போனாள். "என் சமத்து" என்று முத்தம் கொடுத்தேன். போகிற வழியில் பாட்டிக்கும் அத்தைக்கும் போன் போட்டுச் சொல்லிப் பெருமைப்பட்டேன். எல்.கே.ஜி. வாசலில் பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுத்த ஏ.பி.சி.டி. மறந்து போகும். இது மறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் டைல்ஸ், பைப் விற்கும் கடையில் வேலை செய்கிறார். சிரித்துவிட்டார்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? அது வெறும் டைல்ஸு, சாமி இல்லன்னு சொல்லிடு. எங்க கடைல பொட்டி பொட்டியா அடுக்கி கீது. நான் அதும்மேல டீ கிளாஸ வச்சிக்கினு தான் குடிக்கிறேன்."

"அப்ப இது?" என்று பூஜை அலமாரியைக் காட்டினேன். அங்கே நடுவில் இருக்கும் எங்கள் முருகனும் டைல்ஸ்தான். கல்யாணமான புதிதில், பெட்டியில் மிஞ்சியது என்று அவரே கடையிலிருந்து கொண்டுவந்தது. தினமும் அதற்குத்தான் பூ வைக்கிறேன். பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது அதன் முன்னால்தான் திருநீறு பூசினேன்.

அவர் சிரிப்பு நின்றது. முருகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அத எப்பிடி சொல்றது" என்று தலையைச் சொறிந்தார்.

"அதான். செவுத்துல கீற சாமி சாமி இல்லன்னு இன்னிக்கு சொன்னா, நாளைக்கு விளக்கு வைக்கும்போது இதுவும் டைல்ஸு தானேம்மான்னு கேப்பா. நான் என்னா பதில் சொல்லுவேன்?"

டைல்ஸை எடுத்துவிட முடியுமா என்று மேடத்தைக் கேட்டேன். "எடுத்தா பசங்க மறுநாளே செவுத்த நாறடிச்சிடுவாங்கம்மா. அதோட பிள்ளையார் மூஞ்சில உளி வைக்க எந்த மேஸ்திரி வருவான்? நீங்க வைப்பீங்களா?" என்றார். வைக்கமாட்டேன். அவர் சொன்னது நியாயம். மாசக் கடைசியும் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை மறுபடி தண்ணீரைக் குடிக்காமலே கொண்டுவந்தாள். இதற்கு என்ன செய்வது என்று முருகனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் சமையல்கட்டில் வந்தது.

பிள்ளை பள்ளிக்கூட விளையாட்டு விளையாடுவாள். அவள் மிஸ், நான் பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தரையில் உட்காரவைத்துக் கரண்டியை ஸ்கேலாகப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினாள். அடுப்பில் ரசம் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்தேன்.

"ஏய், உக்காரு. கேக்காம போவக்கூடாது" என்றாள்.

"ரசம் பொங்குது மிஸ்."

"வெரல் காட்டு."

சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஒன்றுக்குப் போகப் பிள்ளைகள் மிஸ்ஸிடம் காட்டுகிற மாதிரி. அவள் பெரிய மனுஷி போலத் தலையை ஆட்டினாள். "ம், போ. ஓடாத, ஜல்தியா வரணும்."

ரசத்தை இறக்கி வைத்துவிட்டுக் பிடிதுணியோடு அப்படியே நின்றேன். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மிஸ் பாத்துக்கினு இருக்கும்போதே எழுந்து போனா தப்பு தானே?"

"ஆமா."

"வெரல் காட்டிட்டுப் போனா?"

"தப்பில்ல."

"அப்ப சாமி கிட்டயும் வெரல் காட்டிட்டுப் போயேன்."

பிள்ளை யோசித்தாள். அவள் யோசிக்கும்போது கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வாள். "மலையில மட்டும் தப்புன்னியே?"

"மலை சாமியோட வீடு. அடுத்தவங்க வீட்டு வாசல்ல போவலாமா? இது உன் பள்ளிக்கூடத்து பாத்ரூம். அங்க சாமி காவலுக்கு நிக்குது. பெரிய பசங்க செவுத்துல போவாம பாத்துக்கிறது அது வேல. உன்ன ஒன்னும் சொல்லாது."

"அந்த அம்மா சாமி?"

"அந்த அம்மா கையில ஒரு பாப்பா வச்சிக்கினு கீறாங்களே, அந்தப் பாப்பா மட்டும் போவாதா? அவங்களுக்குத் தெரியாதா?"

இதற்கு அவள் சிரித்துவிட்டாள். வெகு நாளைக்கப்புறம் அந்தப் பேச்சில் சிரித்தாள். "சாமி தலையாட்டுமா?" என்றாள்.

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஆட்டாது. சாமி பேசாம இருந்தா சரின்னு அர்த்தம். நான் கேக்கறதுக்கெல்லாம் அப்படித்தான் பதில் சொல்லும்" என்றேன். அது உண்மை. என் வயதுக்கு நான் முருகனிடம் பெற்ற பதில்கள் எல்லாம் அப்படிப்பட்டவைதான்.

மறுநாள் வேன் வருவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே வாசலில் போய் நின்றுவிட்டேன். எப்போதும் அவசரமாக இறங்குகிறவள் மெதுவாக இறங்கினாள். ஓடவில்லை. பாவாடை காய்ந்திருந்தது. வேன் அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கி எனக்கு ஒரு கும்பிடு போட்டார். பையை வாங்கினேன். லேசாக இருந்தது. பாட்டிலில் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான்.

"போனியா கண்ணு?"

"போனேன். மூணு பேர் கிட்டயும் காட்டினேன். பச்ச வீட்ல யாருமே இல்ல, அதுக்கும் காட்டினேன்."

"உள்ள இருப்பாரு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.

மாசக் கடைசியில் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். பயந்துகொண்டேதான் போனேன். மிஸ்ஸும் பக்கத்தில் இருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. "இவ பண்றத பாத்துட்டு இப்ப மொத்த எல்.கே.ஜி.யும் செவுத்துல வெரல் காட்டிட்டுத்தான் போவுது" என்றார் மேடம். "ஒரு பையன் மறந்துட்டு உள்ள போனவன், பாதியில வந்து காட்டிட்டு மறுபடி போறான். நான் என்னான்னு சொல்றது?" கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அடுத்த வருஷம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. டாக்டரும் பார்த்துவிட்டு இனி மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்களே, அழுகைக்குத் தயாராக இருங்கள். தண்ணீர் பாட்டிலையும் பாருங்கள். பிள்ளை போகமாட்டேன் என்றால் திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கூடப் போய், அது நிற்கிற இடத்தில் நின்று, அது பார்க்கிற பக்கம் திரும்பிப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அடுத்த கிருத்திகைக்கு மயிலம் போய், முடிந்து வைத்த காசை உண்டியலில் போட்டுவிட்டு வந்தோம். மலையடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கியதுமே, ஏறுவதற்கு முன்னால் ஒண்ணுக்குப் போய்வந்துவிடலாம் என்று அவளே சொன்னாள்.

வீட்டில் ஒரு சங்கடம் மட்டும் மிச்சம் இருக்கிறது. இப்போதெல்லாம் பாத்ரூம் போவதற்கு முன்னால் பூஜை அலமாரிக்கு எதிரே வந்து நின்று முருகனுக்கும் சுண்டுவிரலைக் காட்டுகிறாள். விருந்தாளி வந்திருந்தாலும் விடுவதில்லை. நேற்று அவசரமாக எழுந்து போன அப்பாவையும் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பூ கட்டிக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை. அவரும் விரலைக் காட்டிவிட்டுத்தான் போனார். முருகன் ஒன்றும் சொல்லவில்லை.